எனக்கென்று ஒரு வார்த்தை

எதற்கெடுத்தாலும் என் வாயில் பழமொழிதான் வரும். களி அடிப்பிடித்தாலும் ஒன்று, மழை ஏமாற்றினாலும் ஒன்று. என் வீட்டுக்காரருக்கு எரிச்சலாக இருக்கும்.

“யாரோ சொன்னதயே சொல்ற. உனக்குன்னு ஒரு பேச்சு இல்லயா?” என்பார். விடுவேனா, அதற்கும் ஒரு பழமொழி சொல்லி வாயை அடைப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், காய்ச்சல் முற்றி, பென்னாகரத்திலிருந்து தர்மபுரி ஆசுபத்திரிக்கு அவரை பஸ்ஸில் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏதாச்சும் பேசு” என்றார்.

நாக்கு நுனிக்கு வந்ததெல்லாம் பழமொழி. இன்றைக்காவது என் சொந்த வார்த்தையில் பேசிவிட வேண்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், “உனக்குன்னு பேச்சு இல்லயான்னு கேட்டதுக்கு இன்னும் கோவமா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன். அதற்குள் அவர் கண் நிலைகுத்திவிட்டிருந்தது.