புதுப் பெயிண்டில் ஒரு வார்த்தை

மாமா வீட்டு கேட்டில் தொங்கும் தகரப் பலகையில் 'வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்' என்பது பழைய எழுத்து. அதில் 'குடும்பத்தினருக்கு' என்பதற்கு முன்னால் நெருக்கி நுழைத்த 'தமிழ்' மட்டும் புதுச் சிவப்பு. அவரைப் பார்க்கத் துவாக்குடிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை என் கண்ணை உறுத்துகிறது. மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் எழுதியது அவர்தானே.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தெலுங்கர், மலையாளி என்று பார்க்காமல் எல்லோர் டிபன் கேரியரிலும் கைவைத்துச் சாப்பிட்டவர் அவர். ஓய்வுபெற்றுக் கட்டிய வீட்டின் மாடியை, பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த ஒடிசாக்காரனுக்குத் தயங்காமல் கொடுத்தார். அவன் மனைவி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பார்த்து, "அட, நம்ம பழைய சோறுதாங்க இது" என்று அத்தை சிரித்தாள். அவர்கள் குழந்தை மாமாவின் விரலைப் பிடித்துத்தான் நடை பழகியது.

பிறகு அந்த வீடியோ வந்தது. வடக்கேயிருந்து வந்தவர்கள் பிள்ளை பிடிக்கிறார்களாம். எந்த ஊர், எப்போது எடுத்தது, ஒன்றும் கிடையாது. அனுப்பியவன் கனடாவில் இருக்கும் மாமா மகன். மாடியில் இருப்பவர்களை உடனே காலி செய்யச் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தான். டீக்கடையிலும் அதே பேச்சு. தெருக்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அது வெறும் புரளி என்று நான் போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்டா. ஆனா தெருவே சொல்லுதே" என்றார்.

மறுநாள் சட்டி பானையோடு ஆட்டோவில் ஏறும்போது அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான். "ரெண்டு வருஷம் பாத்தீங்க. எங்கள தெரியாதாப்பா?" சாயங்காலம் மாமா பெயிண்ட் டப்பாவைத் திறந்தாராம்.

கண்ணால் பார்த்துப் பழகிய இரண்டு வருஷத்தை, யாரோ எங்கோ எடுத்த இரண்டு நிமிஷம் எப்படி அடித்துக்கொண்டு போகிறது? யோசித்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

போன வாரம் போயிருந்தேன். மாமா நிலைகொள்ளாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். இந்தியர்களைத் திட்டி யாரோ போட்ட வீடியோ ஒன்று மகன் இருக்கும் ஊரெல்லாம் சுற்றுகிறதாம். அதைப் பார்த்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் அவனோடு பேசுவதில்லையாம்.

"நாலு வருஷமா பக்கத்துலயே இருக்கான். அவனத் தெரியாதா அவங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அத்தை வாசலைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். காற்றில் பலகை கேட்டில் மோதிக்கொண்டிருந்தது. கேட்டுக்குப் போனார். கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆடாமல் இருக்க ஒரு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.