பக்கிரிசாமி திருப்பித் தந்த மூட்டை

இந்த ஊரில் மாணவர்கள் என்னைப் பார்த்ததும் தரையில் விழுந்துவிடுகிறார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. நைஜீரியாவின் மேற்குப் பகுதியில் யொருபா மக்கள் வாழும் சிற்றூர் ஒன்றில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குக் கணிதம் சொல்லித்தர வந்த முதல் வாரம் அது. வராந்தாவில் எதிரே வந்த அடேபாயோ என்ற மாணவன், ஆறடி உயரம், திடீரென்று குப்புற விழுந்தான். நான் பதறிப்போய்ப் புத்தகங்களைப் போட்டுவிட்டு அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "வாட்டர்! வாட்டர்!" என்று கத்தினேன். தண்ணீர் வந்தது. முகத்தில் தெளித்தும்விட்டேன். சொட்டச் சொட்ட நனைந்த முகத்தோடு அவன் மிகப் பணிவாகச் சொன்னான்: "குட் மார்னிங் சார். ஐ ஆம் ஒன்லி கிரீட்டிங் யூ, சார்." பெரியவர்களுக்கு இங்கே வணக்கம் அப்படித்தானாம். கல்லூரி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. சிரிக்கட்டும். என் கண்முன்னே மாணவன் ஒருவன் விழுந்தால் பசி மயக்கம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அதற்குக் காரணம் உண்டு.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாயவரத்தில் ஒரு கல்லூரியில் வேலை. தினமும் காலையில் நன்னிலத்தில் ரயிலேறுவேன். அதே ரயிலில் வருபவன் பக்கிரிசாமி, என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. அவன் அப்பா மருதன் எங்கள் வயலில்தான் வேலை செய்தார். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள் இவன். பெட்டியின் மரப்பலகைச் சுவரில் நாங்கள் இருவரும் சாக்பீஸால் கணக்குப் போடுவோம். பேரளத்தில் ஆரம்பித்தால் மாயவரம் வருவதற்குள் முடிக்க வேண்டும், தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம். பெரும்பாலும் வாங்கித் தந்தது நான்தான். ஸ்டேஷன் டீக்கடைக்காரரே சாட்சி. சென்னையில் ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தோளில் கிடக்கும் துண்டை இனி யாருக்காகவும் இறக்க வேண்டியதில்லை என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பக்கிரிசாமி எனக்கு வணக்கம் சொல்வான், குனிய மாட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதும் பிடித்திருந்தது.

அந்த வருடம் தை அறுவடையில் தகராறு வந்தது. கூலி நெல்லை ஒரு படி கூட்டித் தரச்சொல்லிக் கூலியாட்களின் சங்கம் கேட்டது. முடியாது என்றார்கள் மிராசுதாரர்கள். அவர்களில் முதல் குரல் என் அண்ணனுடையது. கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது, அறுக்க ஒருவரும் இறங்கவில்லை. சங்கத்தில் முன்னால் நின்றவர் மருதன். ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, கரும்பலகையில் கணக்குப் போட எழுந்து வந்த பக்கிரிசாமி அப்படியே சரிந்தான். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, "எப்படா சாப்பிட்ட?" என்று கேட்டேன். "முந்தாநேத்து சார்" என்று சொல்லிவிட்டு, கைநழுவிய சாக்பீஸைத் தேட ஆரம்பித்தான்.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அண்ணன் வெளியூர் போயிருந்தார். ஒரு மூட்டை நெல்லை எங்கள் மாட்டுவண்டியில் ஏற்றி, பக்கிரிசாமி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வரச்சொன்னேன். பட்டப்பகலில், தெருவே பார்க்க. அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. வேலைநிறுத்தத்தின் நடுவில் மிராசுதார் வீட்டு வண்டி சங்கத்து ஆள் வாசலில் நெல் இறக்கினால் ஊர் என்ன நினைக்கும்? மருதன் விலைபோய்விட்டான் என்று நினைக்கும். நினைத்தார்கள். இரண்டு நாளாக அவரோடு ஒருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தந்த எனக்கு இந்தச் சின்னக் கணக்கு போடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனில் நின்றிருந்தேன். பக்கிரிசாமி வந்தான், தலையில் அந்த மூட்டை. பின்னால் மருதன், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. மூட்டையை என் காலடியில் இறக்கினான்.

"இது உங்களுது சார். அளந்து பாக்க வேண்டாம், கட்டு அவுக்கல. காலேஜுக்கு இனிமே நான் வரல."

"பசியில விழுந்தியேடா!"

"நான் கேட்டேனா சார்? தெருவே பசியில கெடக்கு. நான் ஒருத்தன் மட்டும் திங்கணுமா? எங்கப்பாவ யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்றாங்க."

அவமானமாக இருந்தது, அதைவிட அவன் போய்விடுவானே என்ற பயம் பெரிதாக இருந்தது. "நான் என்ன செய்யணும்? சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யாதீங்க. உங்க பங்கு வயலுக்குக் கேட்ட கூலிய ஒத்துக்குங்க. எல்லாரும் சாப்புடுவோம்."

ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி அண்ணனிடம் என் பங்கைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். அப்பா இறந்தபிறகும் பிரிக்காமல் வைத்திருந்த நிலம் அது. அண்ணன் என்னை நம்பமுடியாமல் பார்த்தார். "ஒரு பய மயக்கம் போட்டதுக்குக் குடும்பத்த ரெண்டாக்குறியா?"

"பய இல்லண்ணே. என் ஸ்டூடண்ட்."

"அப்ப அவன் வீட்லயே போய் இருந்துக்க" என்றார். வாய்க்காலுக்குக் கிழக்கே எனக்கு, மேற்கே அவருக்கு. அந்த வாரமே என் வயலில் ஆள் இறங்கியது. பிறகு மற்ற மிராசுதாரர்களும் ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். கடைசியாக ஒத்துக்கொண்டவர் அண்ணன். அன்றோடு என்னோடு பேசுவதை நிறுத்தினார். பக்கிரிசாமி வகுப்புக்குத் திரும்பினான். "விட்ட பாடத்த ரயில்ல நடத்திடுங்க சார்" என்றான். அது வேண்டுகோள் மாதிரி இல்லை, உத்தரவு மாதிரித்தான் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எந்தப் பட்டம் வாங்கியபோதும் வந்ததில்லை.

அவன் படித்து முடித்துப் போனபின் அந்த ரயில் எனக்கு அலுத்துவிட்டது. நைஜீரியாவுக்கு ஆசிரியர்கள் தேவை என்ற விளம்பரம் வந்தது, கிளம்பிவிட்டேன். ஆனால் இந்த ஆசாமி திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். அடேபாயோவைக் கூப்பிட்டு, எங்கள் ஊரில் யாரும் யார் காலிலும் விழக்கூடாது, நீயும் இனி விழாதே என்று சொற்பொழிவு ஆற்றினேன். மறுநாள் அவன் தன் தகப்பனாரை அழைத்துக்கொண்டு வந்து நின்றான், கண்கள் சிவந்திருந்தன. "வாட் இஸ் ஹிஸ் கிரைம், சார்? வை டிட் யூ ரெஃப்யூஸ் ஹிஸ் கிரீட்டிங்?" என்று கேட்டார் அந்தப் பெரியவர். அவன் வணக்கத்தை மறுத்தால் அவனையே வேண்டாம் என்றதாகத்தான் இங்கே அர்த்தம். பக்கிரிசாமியைக் கேட்காமல் கொடுத்தேன், இவனைக் கேட்காமல் தடுத்தேன். இரண்டும் அன்பால் செய்தவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாசம் வைப்பவன் எதிரில் இருப்பவனை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். வாத்தியார் என்றால் இரண்டு வார்த்தை. இப்போது அடேபாயோ விழுந்தால் தோளைத் தொட்டு எழுப்புகிறேன், வகுப்பு வரைக்கும் பேசிக்கொண்டே போகிறோம்.

போன மார்கழியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பக்கிரிசாமி இப்போது உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். வாய்க்காலுக்குக் கிழக்கே என் மனையில் அவனை வீடு கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன், இந்தமுறை கேட்டுவிட்டுத்தான். தங்கியது அவன் வீட்டில். ஒருநாள் காலை இருவரும் வாய்க்கால் கரையில் நின்றிருந்தோம். எதிர்க்கரையில் மண்வெட்டியோடு அண்ணன் வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. பன்னிரண்டு வருடம் பேசாதவர், மடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்ப வந்த?"

"முந்தாநேத்துண்ணே."

"எப்ப போற?"

நான் வாய்திறப்பதற்குள் பக்கிரிசாமி முந்திக்கொண்டான். "சார் எங்க போறாங்க? இங்கதான் இருப்பாங்க."

அண்ணன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், பிறகு என்னை. "இருக்கிறதுன்னா பொங்கலுக்கு வீட்டுக்கு வா" என்றார்.

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. என் சட்டைப்பையில் அதற்கு முன்பே, வரும் புதன்கிழமை விமானத்துக்கு டிக்கெட் இருந்தது. "சரிண்ணே" என்றேன்.