டில்லிபாபு செயின் மாற்றிய கதை

டில்லிபாபுவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பாடுகூட நடந்துகொண்டேதான். முதல் வாய் அடுப்படியில் என்றால் கடைசி வாய் தெருவில். அவன் நடந்த நடையில் வண்டிக் கொட்டகையின் தரை குழியாகி, ஐப்பசி மழையில் அந்தக் குழியில் இரண்டு வாத்துகள் நீந்தின. இதைத் திருத்தணியில் சொன்னால் சிரிப்பார்கள். திருவாலங்காட்டில் சிரிக்கமாட்டார்கள். அங்கே அவனைத் தெரியும்.

அவனிடம் ஒரு நெல் அறுவடை வண்டி இருந்தது. சேற்றில் இறங்கவேண்டிய வண்டி என்பதால் சக்கரத்துக்குப் பதில் இருபுறமும் அகலமான ரப்பர் பட்டை சுற்றி ஓடும். ஊர்வாயில் அந்தப் பட்டைக்குச் செயின் என்று பெயர். சேற்றைப் பிடித்துக்கொள்ள அதன்மேல் வரிசையாக மேடுகள் உண்டு, அவை பட்டன். டில்லிபாபுவின் வண்டியில் பட்டன்களெல்லாம் வாரக்கடைசிச் சோப்பு மாதிரி வழவழத்துப் போயிருந்தன. இடது செயினில் ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து இரும்புக் கம்பி எட்டிப் பார்த்தது.

புதுச் செயின் வாங்காமலில்லை. ஜோடியாக வாங்கிக் கொட்டகையில் போட்டு வெகுநாளாகிவிட்டது. அவன் மனைவி பிரேமா அதன்மேல் வடகம் காயவைத்தாள், அவள் கோழி அதற்குள் அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. மாட்டத்தான் அவனுக்கு மனசு வரவில்லை. பழசில் இன்னும் உயிர் இருக்கும்போது புதுசை மாட்டினால் மிச்ச உயிர் வீண். பழசோடு இறங்கி நடுவயலில் அறுந்தாலோ வண்டி, பயிர், மானம் எல்லாமே வீண். காலையில் மாற்றுவது என்று முடிவுசெய்வான். மதியத்துக்குள் அந்த முடிவை மாற்றிவிடுவான்.

"கிருத்திகை போவட்டும், மாத்திடலாம்" என்பான். கிருத்திகை மாதாமாதம் வந்தது. திருத்தணி மலைக்குப் போய் முருகனைக் கும்பிடுவான். படி இறங்கும்போதே அடுத்த கிருத்திகையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான்.

திருத்தணியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வளவனுக்கு இவனுடைய போன் என்றாலே வேப்பங்காய்.

"வளவா, கம்பி தெரியுதுடா."

"கம்பி தெரிஞ்சா மாத்திடுண்ணா. எத்தினி வாட்டிதான் சொல்றது?"

"ஒரு கம்பிதாண்டா தெரியுது."

"அப்ப மீதிக் கம்பிங்களும் வெளிய வந்து உனக்கு வணக்கம் வைக்கட்டும். அப்பறமா மாத்து."

பிரேமாவுக்கு வேறொரு வருத்தம். "விடிஞ்சா அத்தத் தடவிப் பாத்துகினு நிக்கற. போன மாசம் எனக்கு ஜுரம் வந்துச்சே, நெத்தியில கை வெச்சியா நீ?"

தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு காற்று அடித்தது. டில்லிபாபுவின் அக்கா அனுராதாவுக்கு ஏரியை ஒட்டி ஒரு வயல். மேல்பாதி மேடு, கீழ்ப்பாதி பள்ளம். ஏரிக் கசிவில் பள்ளம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அவர்கள் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு போடுவது அந்த ஒரு வயல்தான். முற்றிய பயிர் காற்றில் படுத்துவிட்டது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்துவிட்டால் படுத்த கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டுவிடும்.

காலையிலேயே டில்லிபாபு வண்டியைக் கொண்டுபோய் வயலோரம் நிறுத்தினான். அனுராதா வரப்பில் நின்றிருந்தாள். முதலில் தம்பியைப் பார்க்கவில்லை, செயினைப் பார்த்தாள்.

"இன்னாடா இது? பழசா?"

"தாங்கும்கா."

"பள்ளத்துல தாங்குமா?"

"தாங்கும்னுதான் நெனைக்கறேன்."

"நெனைக்கறியா? நடுப்பள்ளத்துல அறுந்துச்சுனா வண்டிய எவன் தூக்குவான்? உன் வண்டியச் சுத்தி என் நெல்லு மொளைச்சு நிக்கும். புதுசு மாட்டிகினு எறங்கு. இல்லனா நாங்க கையாலயே அறுத்துக்கறோம்."

அவள் கணவன் வீரபத்திரன் பக்கத்தில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். டில்லிபாபு அவரைப் பார்த்தான். "பாவா, நீயாவது சொல்லு."

"நான் இன்னாத்த சொல்றது? உங்க அக்கா கையில அருவா கீது."

அறுப்பு வண்டிக்காரனின் சொந்த அக்கா வயலில் கை அறுப்பா! மணவூர் டீக்கடை வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். டில்லிபாபு வயலோரம் போனான், வந்தான், போனான், வந்தான். அதற்குள் அனுராதா ஆள் கூப்பிடக் கிளம்பிவிட்டாள். அவன் போனை எடுத்தான்.

"வளவா, வாடா. மாத்திடலாம்."

மறுமுனையில் இருந்த வளவன் நம்பாமல் இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டான். வழியில் கொட்டகைக்குப் போய், வடகத்தையும் கோழியையும் இறக்கிவிட்டுப் புதுச் செயின்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். கட்டிகட்டியாகச் சேறு காய்ந்திருந்த நட்டுகளைக் கழற்றினார்கள். இதற்குள் பக்கத்து வீட்டுச் சந்திராவும் இன்னும் நாலைந்து பெண்களும் அனுராதாவோடு வயலில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் பள்ளத்தில் ஆரம்பித்தார்கள்.

டில்லிபாபு கையிலிருந்த ஸ்பேனரோடு வரப்புக்கு ஓடினான். "யக்கா! மேட்டுல அறுங்க! பள்ளத்த எனக்கு வுட்டுடுங்க!"

"எதுக்குடா?"

"புதுச் செயினே பள்ளத்துக்குத்தானே மாட்றேன்!"

"மழ வந்தா மொதல்ல முழுவுறது பள்ளம்தானேடா! உன் செயினுக்காக நெல்லு காத்துகினு இருக்குமா?"

"அவரு செயினுக்குப் பள்ளம் வேணுமாம்" என்றாள் சந்திரா. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன. அவற்றில் ஒன்று ஆந்திர எல்லையைத் தாண்டித்தான் இறங்கியது.

அதன்பிறகு டில்லிபாபு ஒரு நட்டு முடுக்குவான், ஒருமுறை ஓடிப்போய்ப் பார்ப்பான். பள்ளம் குறைந்துகொண்டே வந்தது. "இன்னும் கொஞ்சந்தாண்டா கீது, சீக்கிரம்" என்று வளவனை விரட்டினான்.

"இத்தினி மாசம் கெடந்துச்சு. அப்பல்லாம் இந்த அவசரம் எங்கண்ணா போச்சு?"

இடது செயின் ஏறியது. வலதும் ஏறியது. டில்லிபாபு வண்டியைக் கிளப்பி வயலில் இறங்கியபோது பள்ளத்துக் கடைசிக் கதிரை அனுராதா அரிந்து கட்டோடு சேர்த்தாள். மிச்சமிருந்தது மேடு மட்டும். காய்ந்து கெட்டித்துப்போன தரை. பழைய செயின் என்ன, செருப்புப் போட்டாலே அந்த வண்டி அங்கே ஓடும்.

அவன் மேட்டை அறுத்து முடித்தான். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்த, பெண்கள் பள்ளத்துக் கட்டுகளைத் தூக்கிவந்து அதன் வாயில் கொடுத்தார்கள். வைக்கோலைத் துப்பி நெல்லை வைத்துக்கொண்டது வண்டி. டிராக்டர் டிரெய்லரில் நெல் கொட்டி முடிக்கவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. அனுராதா தார்ப்பாயை இழுத்து மூடி நாலு மூலையும் கட்டினாள். அப்புறம்தான் அவள் முகம் தளர்ந்தது.

"எல்லாம் வந்துடுச்சு" என்றாள். "டேய் டில்லி, வீட்டுக்கு வா, சாப்ட்டுட்டுப் போலாம்."

டில்லிபாபுவின் காதில் விழவில்லை. பெண்கள் அறுத்து முடித்த வெறும் பள்ளத்துக்குள் அவன் வண்டியை இறக்கியிருந்தான். மழையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓட்டினான். சேறு வாரி இறைத்தது. வண்டி எங்கும் சிக்கவில்லை.

"பாவா! போவுது பாத்தியா!" என்று கத்தினான். "பழசே போயிருக்கும்போல கீதே!"

"அத்த எப்டிடா இப்ப தெரிஞ்சிக்கறது?" என்றார் வீரபத்திரன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டே. "திரும்ப பழச மாட்டிகினு எறங்கினாத்தான் உண்டு."

விளையாட்டாகத்தான் சொன்னார். டில்லிபாபு வண்டியை நிறுத்தினான். வயலோரம் மழையில் நனைந்து கிடந்த பழைய செயினைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

வளவன் ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் அள்ளிப்போட்டுக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல், மழையிலேயே கிளம்பிவிட்டான்.