எரியாத டஸ்ட் பூட்

1. கைக்குட்டையில் வந்தது

அறுபதுகளில் தாராவியில் காதர் மைதீன் பாயின் ரப்பர் பட்டறையில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தேன். மில்களுக்கு வாஷர், சைக்கிளுக்குப் பெடல் ரப்பர், டாக்சிகளின் அதிர்வைத் தாங்கும் புஷ் என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும். பாய்க்குக் கடையநல்லூர், எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். முதலாளி என்றாலும் அவரும் என்னோடு சேர்ந்து டை என்ற கனத்த இரும்பு அச்சைத் தூக்குவார்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் மாதுங்காவிலிருந்து ராமநாதன் என்று ஒருவர் வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினீயர். ஊருக்குத் திரும்பிய ஓர் இங்கிலீஷ்காரரிடமிருந்து பந்தயக் கார் ஒன்றை வாங்கி, பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். கைக்குட்டையைப் பிரித்து, கருகிச் சுருங்கிய ஒரு ரப்பர் வளையத்தை மேஜைமேல் வைத்தார்.

“பாய், கொஞ்சம் வேகமா ஓட்டினாப் போதும், இப்படி ஆயிடறது. வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்க வழியில்லை. நீங்க பண்ணித் தர முடியுமா?”

பாய் அதை முகர்ந்து பார்த்தார். “கார ரோட்டுல ஓட்டுதீங்களா சார், அடுப்புல ஓட்டுதீங்களா?”

ராமநாதன் சிரித்துவிட்டார்.

அது டஸ்ட் பூட். டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் என்ற இரும்புப் பிடிக்குள் பிஸ்டன் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ள, பேடு சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்வும். தூசியும் தண்ணீரும் பிஸ்டன் இடுக்குக்குள் போகாமல், அதன் வாயைச் சுற்றி மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருக்கும் ரப்பர் உறைதான் இந்த பூட்.

2. வெள்ளை ரப்பர்

முதலில் சாதா ரப்பரில் செய்தோம். கருகி வந்தது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்தோம். அது கருகவில்லை, ஆனால் காய்ந்த அப்பளம்போல் வெடித்து வந்தது. ஒவ்வொரு முறையும் ராமநாதன் கெட்டுப்போன ஒன்றை எடுத்து வருவார். நாங்கள் ஒரு செட் புதிதாகச் செய்து கொடுப்போம்.

பாய்க்கு ரோசம் வந்துவிட்டது. “மில்லு பாய்லருக்கே வாஷர் அடிச்சிக் குடுத்திருக்கோம். இந்த மோதிரம் நம்மள இந்தப் பாடு படுத்துதே சம்முவம்” என்றார்.

விமானப் பராமரிப்பில் இருந்த ஒரு நண்பர் மூலம் சிலிகோன் ரப்பர் கொஞ்சம் கிடைத்ததாக ராமநாதன் கொண்டுவந்தார். இறுகுவதற்கான மருந்து கலந்தே வந்த வெள்ளைக் கட்டி, தொட்டால் கொழுக்கட்டை மாவு மாதிரி இருந்தது. கரி படிந்த எங்கள் டையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அப்புறம்தான் அதில் வைத்தோம். பிரஸ்ஸிலிருந்து அழகாகத்தான் வந்தது. ஆனால் அந்த ரப்பரை அதன்பிறகு நல்ல சூட்டில் சில மணி நேரம் வேக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பலம் நிற்காது என்றார் ராமநாதன். எங்களிடம் அடுப்பு ஏது?

பக்கத்துச் சந்தில் பாவ் ரொட்டி சுடும் பேக்கரி இருந்தது. வாரத்தில் ஒரு நாள் ரொட்டி கிடையாது. அன்றைக்கு மட்டும் அடுப்பைக் கொடுக்கும்படி பேக்கரிக்காரர் யூசுபிடம் பாய் கெஞ்சினார். அடுப்பைத் திறந்ததும் புளித்த காடி நெடி சந்தெல்லாம் பரவியது. “அரே காதர் பாய், யே க்யா பகாயா?”, என்னத்தைச் சமைத்தீர்கள் என்று யூசுப் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். மறுநாள் ரொட்டி சுடுவதற்கு முன் அடுப்பை நாங்களே கழுவிக் கொடுத்தோம்.

பூட்டுகள் பால் வெள்ளையாக, இழுத்துவிட்டால் துள்ளித் திரும்புகிறவையாக இருந்தன. பாய் ஒன்றை இடுக்கியில் பிடித்து ஸ்டவ் அருகே காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி எங்களுக்குச் சந்தோஷம்.

3. பந்தயம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு ராமநாதன் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அவர் மனைவி ஜானகியும் வந்திருந்தார். எங்கள் கையால் செய்த சாமான் ஓடுவதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கார் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பாய் என் தோளைத் தட்டுவார். “ஓடுது பாத்தியா, ஓடுது!”

பிறகு ஒரு சுற்றில், நீண்ட நேர்ப்பாதை முடிந்து திரும்ப வேண்டிய இடத்தில், கார் வேகம் குறையவில்லை. திரும்பவும் இல்லை. நேராகப் போய் மணல் மூட்டைகளில் மோதியது. ஜானகி எழுந்து ஓடினார். பின்னால் நாங்களும் ஓடினோம். ராமநாதனுக்கு நினைவு இருந்தது. வலது கால் மட்டும் இருக்கக் கூடாத கோணத்தில் மடங்கிக் கிடந்தது.

“பெடல் அப்படியே கீழே போயிடுத்து பாய்” என்றார்.

ரயிலில் திரும்பினோம். தாதர் வந்ததும் பாய், “நம்ம பூட்டு கிழிஞ்சிருக்குமோல?” என்றார். எனக்கும் அதே பயம்தான்.

இரண்டு நாள் பட்டறை ஓடியது, ஆனால் பாய் டை பக்கமே வரவில்லை.

4. மருத்துவமனையில்

மூன்றாம் நாள் பார்க்கப் போனோம். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ராமநாதன், எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது இதைத்தான்: “பாய், பூட்டுக்கு ஒண்ணுமே ஆகலை. மெக்கானிக்குகள் கழட்டிப் பாத்தாளாம். புத்தம் புதுசா இருக்காம்.”

பாய் கண்ணை மூடி, “அல்ஹம்துலில்லா” என்றார்.

ராமநாதன் தலையணையில் சற்று நிமிர்ந்துகொண்டார். “ஆனா அதுதான் விஷயம். முன்னெல்லாம் ரப்பர் கருகற நாத்தம் வந்துடும். உடனே வண்டியை ஓரம் கட்டிடுவேன். அன்னிக்கு நாத்தமே வரலை. எல்லாம் சரியா இருக்குன்னு மிதிச்சுண்டே இருந்தேன். சூடு உள்ள போய் ஆயில் கொதிச்சுடுத்து. ஆயில் கொதிச்சா ஆவிதான். ஆவியை அழுத்தினா அதுவே சுருங்கிடும், பிரேக் எங்கே பிடிக்கும்?”

ஜானகி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “எப்பவும் வலது பக்கத்து பூட்டுதானே கருகித்து? நான்தானே கைக்குட்டையில சுத்திக் குடுப்பேன்” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. நினைவுக்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

பாய் என்னைப் பார்த்தார். நான் ராமநாதனைப் பார்த்தேன். அளவு கேட்டோம், ரப்பர் கேட்டோம், எவ்வளவு சூடு என்று கேட்டோம். எந்தச் சக்கரம் என்று மூவரில் ஒருவரும் கேட்டதில்லை.

5. வலது பக்கம்

அந்த வலது காலிப்பரைப் பட்டறைக்கு வரவழைத்துப் பிரித்தோம். பிஸ்டன் துருப்பிடித்து உள்ளேயே இறுகிக் கிடந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் அது பின்வாங்காது. பேடு தட்டை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில்தான் எங்கள் பூட்டுகள் எல்லாம் வெந்திருக்கின்றன. பூட் கருகக் கருக ஈரமும் தூசியும் உள்ளே போய், பிஸ்டன் இன்னும் இறுகியிருக்கிறது.

லேத்தில் புதுப் பிஸ்டன் கடைந்து, குரோம் பூசி வாங்கி, காலிப்பரில் போட்டுக் கொடுத்தோம். ராமநாதன் தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் பழுது பார்த்த காரோடு வந்தார். பாய் இடது பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“பாய், நான் மட்டும் ஓட்டிப் பாத்துட்டு வரேனே.”

“போன தடவ நாங்க வேடிக்கதான் பாத்தோம் சார். இப்ப கூட வாரேன். ஓட்டுங்க.”

சயான் வரை போய்த் திரும்பினார்கள். பட்டறை வாசலில் இறங்கிய பாய் குனிந்து, வலது சக்கரத்துக்கு அருகில் உள்ளங்கையைக் காட்டினார். பிறகு சுற்றிப் போய் இடது சக்கரத்துக்குக் காட்டினார். “சூடு ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கு” என்றார்.

அடுத்த வாரம் மில்லிலிருந்து ஒரு ஃபிட்டர் உருகிப்போன வாஷரோடு வந்து, “இதைவிடக் கெட்டியா வேணும்” என்றார். பாய் அதை வாங்கிக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, “மெஷின் எங்க இருக்கு? வாங்க, மொத அதப் பாப்போம்” என்று அவரோடு கிளம்பினார். அந்த ஃபிட்டருக்கு அது பிடிக்கவில்லை. அதன்பின் அப்படிப் பிடிக்காமல் வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு.

இன்று எந்தச் சூட்டையும் தாங்கும் ரப்பர் கடையில் கிடைக்கிறது. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கருகிய சாமான் ஏதோ ஒன்றைச் சொல்ல வருகிறது. அதைக் கேட்டு முடிக்காமல், கருகாத சாமானைச் செய்து அதன் வாயை அடைத்துவிடாதீர்கள்.