யாரிடம் சொல்வது என்று பூ வைத்துப் பார்த்தேன்

இதை எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன். வீட்டுக்குள் நடந்ததை வெளியில் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பேனாவை எடுப்பேன், என் கணவரின் முகம் முன்னால் வரும், வைத்துவிடுவேன். இப்போது பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

தீவுப்பகுதிச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து எங்கள் வலிகாமத்துக்கு வந்திருந்த காலம். நாங்கள் இருந்தது எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. ஷெல் விழத் தொடங்கியதும் என் கணவர், எல்லோரும் கொழும்பிலுள்ள தன் தமையன் வீட்டுக்குப் போய்விடுவோம் என்றார். நான் வரமாட்டேன் என்றேன்.

"உன்ரை வீட்டை நீயே கட்டிப்பிடிச்சுக்கொண்டிரு. சிவராத்திரி கழிய நான் பிள்ளையளோடை வெளிக்கிடுறன்."

அன்றிலிருந்து என் கையால் சாப்பிடவில்லை. சந்திக் கடையில் பாண் தின்றுவிட்டு வருவார். அவருக்கென்று மூடி வைத்த சோற்றை மறுநாள் நானே தின்பேன்.

யாராவது அவரோடு பேச வேண்டும். ஆனால் யார்? காணியைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற வழக்கத்தால் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் என்னுடைய ஆட்கள். என் அண்ணை படலையைத் திறந்தாலே, "உன்ரை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டியோ" என்பார். கோயில் ஐயரிடம் சொன்னால் பூசைக்கு வருகிற சனம் முழுக்க அறியும். மிஞ்சியது எங்கள் முன்னறையில் தங்கியிருந்த அக்கா. தீவிலிருந்து இரண்டு ஆடுகளோடு வந்து சேர்ந்த கைம்பெண். எனக்கோ கணவருக்கோ உறவில்லை. அவ பகிடியாய் ஏதும் சொன்னால் என் கணவரும் சிரித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பூ வைத்துப் பார்த்தேன். அண்ணைக்குச் செவ்வரத்தை, அக்காவுக்கு நந்தியாவட்டை. இரண்டையும் வாழையிலையில் தனித்தனியே சுருட்டிச் சாமிக்கு முன்னால் வைத்து, அங்கே நின்ற ஒரு சின்னப்பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தேன். வெள்ளைப் பூ வந்தது.

அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மாட்டன்" என்றா.

"ஏனக்கா?"

"உன்ரை சோத்தைத் திண்டுகொண்டு உனக்கு எதிரா என்னெண்டு கதைக்கிறது? உன்ரை பக்கம் கதைச்சால் அவன் நம்புவானோ? முதல் நான் இஞ்சையிருந்து வெளிக்கிடோணும்."

"பிள்ளையார் உங்களைத்தானே காட்டினவர்."

"அவருக்கென்ன, அவருக்குச் சொந்த வீடிருக்கு."

மறுநாள் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு, அகதிகள் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டா. "அந்த மனிசியையும் கலைச்சுப்போட்டியோ?" என்றார் கணவர். இருந்த ஒருவரையும் இழந்துவிட்டேன் என்று நினைத்தேன். சிவராத்திரியும் கிட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பின்னேரம் அக்கா படலையில் நின்று, "வீட்டுக்காரர்" என்று கூப்பிட்டா, விருந்தாளி மாதிரி. கணவரும் வந்து திண்ணையில் இருந்தார். அக்காவுக்குத் தேநீர் கொடுத்தேன், தொடவில்லை.

"கதைச்சு முடியக் குடிக்கிறன். பிள்ளை, நீ ஏன் கொழும்புக்கு மாட்டன் எண்டுறாய்?"

"அங்கை மற்றவையின்ரை வீட்டிலை ஒரு மூலையிலை ஒதுங்கி இருக்கோணும். ஒரு தேத்தண்ணி போடுறதுக்கும் கேக்கோணும்."

என் கணவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நான் இஞ்சை பதினொரு வருசமா அப்பிடித்தானே இருக்கிறன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதை ஏன் இவளுக்குச் சொல்லேல்லை?" என்றா அக்கா.

"அவள் கேட்டவளோ?"

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. நான்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்கள் போகத்தான் வேணுமெண்டால் நானும் வாறன். உங்கடை அண்ணை வீடெண்டாலும் இருப்பன். பிள்ளையளைப் பிரிச்சுக்கொண்டு மட்டும் போகாதேங்கோ."

"போறதெண்டால் எல்லாரும் போவம். இருக்கிறதெண்டால் எல்லாரும் இருப்பம்" என்றார் அவர்.

அக்கா ஆறின தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பிப் போனா.

"சாப்பிடுறியளோ?" என்று கேட்டேன்.

"என்ன கறி?"

கத்தரிக்காய்க் குழம்பு. அவர் சாப்பிட்டு முடியுமட்டும் குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடையில் எழும்பிவிடுவாரோ என்ற பயம் கடைசிக் கவளம் வரைக்கும் போகவில்லை.

இதை வாசிக்கிறவர்கள், இப்படித் தவிக்கிற இன்னொரு வீட்டில் சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். அந்த அக்காவைப் பெரிய ஞானியாக்க வேண்டாம். என் கணவரைக் கெட்டவராக்கவும் வேண்டாம். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னால் போதும்.