சிரட்டைக்குள் துடித்தது

இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் தொடக்கம், இடவப்பாதிப் பருவமழை பிடித்த வாரம். குமரி எல்லையில் குன்னத்துகால் பக்கம், சுற்றிலும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் நான் மட்டும். மனைவி குவைத்தில் நர்ஸ், பச்சிளங்குழந்தைகள் வார்டில். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத எரிச்சலில்தான் முட்டை பொரிக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் அடைக்கோழியை, அடைவைத்த அன்றே கீரி கொண்டுபோனது. மிஞ்சிய எட்டு முட்டைகளை அரிசியில் புதைத்து எடுத்து வந்தார்.

"மக்கா, ஒரு பெட்டை பொரிச்சாலும் போரும். அந்தக் கோழிக்க இனம் இனி எங்கயும் கிடைக்காதாக்கும்."

"எல்லாத்தையும் பொரிச்சுத் தாறேன் அக்கா" என்றேன், பத்து வருடம் பண்ணை நடத்தியவனைப் போல.

பெட்டியில் வைத்த ஐந்தாம் நாள். சாமான் அறைக் கதவைச் சாத்தி, முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச்சின் மேல் வைத்தேன். மூன்றில் ஒரு சிவப்பு வளையம், பேனாவால் சுழித்ததுபோல், சுத்தமாக. மற்ற ஐந்தில் ஒரு புள்ளியிலிருந்து சிவப்பு நூல்கள் கிளைத்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, தாறுமாறாக ஓடின. ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டையில் ஒரு துளி ரத்தம் கண்டால் வெளியே கொட்டிப் பழகிய வீடு எங்களுடையது. நூல் ஓடியவை கெட்டுவிட்டன என்று ஐந்தையும் ஒதுக்கினேன்.

முழு முட்டையாக எறிந்தால் நாய் இழுக்கும். வாழை மரத்து மூட்டில் குனிந்து ஒன்றைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் உடைத்தேன்.

மஞ்சள் கருவின் மேல் அந்த நூல்கள் விரிந்து கிடந்தன. நடுவில் வளைந்த ஒரு சின்ன உருவம், கறுப்பாய்க் கண். அதன் அடியில் கடுகளவுச் சிவப்பு ஒன்று துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

மனைவியை வீடியோவில் கூப்பிட்டேன். நல்லவேளை, அவளுக்கு டீ நேரம். போனைச் சிரட்டைக்கு மேல் பிடித்தேன்.

"அய்யோ, இதென்ன காரியம் செய்தீங்க! உயிருள்ளதுல்லா?"

"ரத்தம் கட்டிக் கெட்டுப்போச்சுன்னு..."

"கெட்டதா? அது ரத்தக்குழாய் ஆக்கும். முதல்ல அங்கங்க திட்டுத்திட்டா உண்டாகும். பின்ன ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ரத்தம் ஓடுற வழியாகும். எங்க வார்டுப் பிள்ளைகளும் வயித்துக்குள்ள இப்படித் தொடங்கினதுதான். வளையம் உள்ளதாக்கும் செத்தது, ரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கிட்டு. மத்த நாலையும் ஓடிப்போய் உள்ள வையுங்க. என்னைக் கூப்பிடுறாங்க, வைக்கேன்."

நான்கையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓடி வந்தேன். சிரட்டையில் இன்னும் துடிப்பு. செய்வதற்கு ஒன்றுமில்லை. மழை வலுத்தது, உள்ளங்கையைக் குடையாக்கி உட்கார்ந்தேன். விரலிடுக்கில் ஒரு துளி விழுந்தது. அந்த நூல்களுக்குச் சுவர் என்று எவ்வளவு இருக்கும், ஒரு துளியையும் தாங்கவில்லை. ஒரு பக்கம் கலங்கிப் பரவியது. அப்புறமும் துடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசித் துடிப்பு எது என்பதும், அடுத்தது வராதபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கே டார்ச்சும் கையுமாய் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"எலே, வாயால குஞ்சு பொரிச்சவனே!" என்றார். கையை நீட்டினார். "அந்த டார்ச்சை இஞ்ச தா. இனி பொரியும்வரை நீ அதுகளைப் பாக்கப்படாது."

கொடுத்துவிட்டு வந்தேன். இருபத்தோராம் நாள் மூன்று பொரித்தன. அதில் ஒன்று பெட்டை என்று தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. அக்கா வேலிக்கு அப்பாலிருந்து அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆனாலும், ஒரு உயிர் தனக்குத்தானே வழி போட்டுக்கொண்டிருந்தபோது அருகில் இருந்த ஒரே மனிதன் நான்தான், அவனுக்கு அது இன்னதென்று தெரியவில்லை என்பதை இன்றுவரை என்னால் யாரிடமும் முழுதாகச் சொல்லித் தீர்க்க முடியவில்லை.