பேர் கேட்கிற சிஸ்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பிடிவாதமும் அதிகம். வீட்டில் அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆனால் ஊசி போடுகிற வேலையில் அந்தப் பிடிவாதம்தான் எனக்குக் கை கொடுக்கிறது. விருத்தாசலத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மருந்தை எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, திரும்ப வைக்கும்போது என்று லேபிளை மூன்று தடவை படிப்பேன். பிறகு நோயாளியிடம் பேர் கேட்பேன். பத்து நாளாகப் படுத்திருப்பவரையும் விடமாட்டேன்.

"காலையிலதான கேட்டீங்க, அதுக்குள்ள பேர மாத்திக்கிட்டா வந்துட்டேன்?" என்பார்கள். பேர் கேட்கிற சிஸ்டர் என்றே எனக்குப் பட்டப்பெயர்.

பேரை நாமே படித்துவிட்டு, நீங்கள்தானே என்று கேட்டால் பிரயோஜனமில்லை. எங்கள் ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட்டால் எதற்கும் ஆமாங்க என்பார்கள். மறுத்துச் சொன்னால் மரியாதைக் குறைவாம். அதனால் பேர் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும்.

போன கோடையில் ஒரு வார லீவு முடிந்து காலை டூட்டிக்கு வந்தேன். ஆண்கள் வார்டில் எல்லாமே புது முகங்கள். நாலாம் கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டில், டிபனுக்கு முன்னால் இன்சுலின் என்று எழுதியிருந்தது. விடிகாலையில் நைட் டூட்டி நர்ஸ் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவும் இருந்தது. அளவாக மருந்தை ஏற்றிக்கொண்டு போய், கட்டிலில் இருந்தவரிடம் பேர் கேட்டேன். அரைத் தூக்கத்தில் "ஆமாம்மா" என்று கையை நீட்டினார். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதெப்டிங்க நான் சொல்றது? புருசன் பேர சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லிக்கீறாங்க."

"அவருக்குச் சக்கரை இருக்குதா?"

"நேத்து சாயங்காலந்தான் சேத்தோம். ரத்தம் எடுத்தாங்க. இருக்குதா இல்லையான்னு டாக்டருக்குத்தான் தெரியும்."

சீனியர் நர்ஸ் மருந்து மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். நாலாம் நம்பர் ஷீட்டின் பேரைத் தன் நோட்டிலிருந்து வேகமாகப் படித்து, "அவருதானம்மா?" என்றார். அந்த அம்மா வெட்கத்தில் தலையை ஆட்டினார். நாம் ஆட்டுவோமே, ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அந்த ஆட்டல்.

"ஆமாங்கிறாங்க பாரு. பெட் நம்பரு இருக்குது, ஷீட்டு இருக்குது. போட்டுட்டு வா, இன்னும் எட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். "பேரு தெரியாம போடமாட்டேன்க்கா" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா பயந்துபோனார். அவர் முன்னால் குனிந்து, "ஆள் மாறி இந்த ஊசிய போட்டா உசுருக்கே ஆபத்தும்மா. என் காதுல மட்டும் சொல்லுங்க" என்றேன்.

கணவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து என் காதருகே வந்து சொன்னார். அது ஷீட்டில் இருந்த பேரே இல்லை.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நாலாம் கட்டிலுக்கு உரியவர் வேப்பூர்க்காரர், பழைய சர்க்கரை நோயாளி. அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன்; அவருக்கு ஃபேன் காற்று ஆகாது. என் முன்னால் படுத்திருந்தவரோ தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளைச் சூளையில் அடுக்குகிறவர். வருஷக்கணக்கில் அனலில் நின்ற உடம்பு காற்றுக்கு ஏங்கியிருக்கிறது. விடிந்ததும் இருவரும், "நீங்க இங்க படுங்க", "பரவால்லைங்க" என்று பஸ்ஸில் சீட்டு மாறுவது மாதிரி கட்டில் மாறிவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஷீட்டுகள் அந்தந்தக் கட்டிலிலேயே தொங்கின.

உடனே சூளைக்காரர் விரலில் குத்திப் பார்த்தோம். முதல் நாளிலிருந்து வாந்தி, வயிற்றில் ஒன்றுமில்லை. சர்க்கரை ஏற்கனவே இறங்கித்தான் இருந்தது. டாக்டர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். என் தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல வேளம்மா" என்றார். வேப்பூர்க்காரரை ஆறாம் கட்டிலில் கண்டுபிடித்து, அவரிடமும் பேர் கேட்டு, அவருக்குரிய இன்சுலினைப் போட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடக்கமாகச் சொல்லவேண்டுமென்று எனக்கு ஆசையில்லை. ஒரு மனுஷனை என் வாய் காப்பாற்றியது. அக்கா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒவ்வொரு கட்டிலாக நின்று பேர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், மறுநாள் காலையிலேயே எனக்கு வரவேண்டிய பரிசு வந்துவிட்டது. சூளைக்காரருக்கு வாந்திக்கான ஊசி எடுத்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அந்த அம்மா ஸ்டூலை விட்டு எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகி, இனிஷியலோடு புருஷன் பேரை வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

புருஷன் தூக்கிவாரிப்போட எழுந்தார். "என்னாடி, பேர சொல்ற?"

"கொறையுற ஆயுசு கொறையட்டும்" என்றார் அந்த அம்மா. "மொதல்ல உசுரோட இருங்க."